பதினெட்டு மனு, ஒரே நம்பர்

பங்கஜத்தின் கிணற்றுத் தண்ணீர் ஆடியில் நிறம் மாறியது. ஆவணிக்குள் முளைக்கீரையின் ஓரமெல்லாம் கருகியது. காரணம் தேடி அலைய வேண்டியதில்லை, பக்கத்து மனையில் ஒரு தகரக் கொட்டகை. அரசு அலுவலகங்கள் கம்ப்யூட்டருக்கு மாறி, பிறகு புதுக் கம்ப்யூட்டருக்கு மாறி, கழித்துப் போட்டதெல்லாம் லாரி லாரியாக அங்கே வந்து இறங்கியது. ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பார்கள். மிச்சத்தை ஆசிட்டில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை மண்ணில் விடுவார்கள்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் பங்கஜத்துக்கு முப்பது சென்ட் கீரைப் பாத்தி. கம்பெனிப் பெண்களின் ஹாஸ்டல்களுக்குத் தினமும் நூறு கட்டு போகும். புருஷன் போன பிறகு அதுதான் அவள் சோறு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் வந்து கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, கெட்டது என்று எழுதிவிட்டால் கொட்டகைக்குச் சீல் விழும் என்றார்கள்.

மனுவைக் கையில் வாங்குவதில்லையாம், ஆன்லைனில்தானாம். போன் நம்பர் கேட்டது. பங்கஜத்திடம் பட்டன் போன் இருந்தது. ஆனாலும் தன் வீட்டில் குடியிருக்கிற சுகப்பிரியாவின் நம்பரைக் கொடுத்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண், டிப்ளமோ படித்தவள், செல்போன் கம்பெனியில் லைனில் வேலை. இங்கிலீஷில் மெசேஜ் வந்தால் படித்துச் சொல்லும் என்கிற நம்பிக்கை. அதைப் பார்த்துத் தெருவில் மனுப் போட்ட மற்ற பதினேழு வீடும் அந்த நம்பரையே கொடுத்தது. படிப்பின்மேல் நம் ஜனங்கள் வைத்திருக்கிற மரியாதை இருக்கிறதே, அது பலமுறை அவர்கள் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டிருக்கிறது.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டுக்கு அதிகாரி வந்தார். அறிவுமதி என்று பெயர். கிணற்றை எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். பையிலிருந்து பாட்டிலை எடுத்தார்.

"நானே மொண்டு குடுக்கறேன் சார்," என்றாள் பங்கஜம்.

"இருங்கம்மா. மனுல இருக்கிற போனுக்கு ஓடிபி வந்திருக்கும். அதைப் போட்டாத்தான் ஆப்ல சாம்பிள் எடுக்க விடும்."

"போனு அந்தப் பொண்ணுகிட்ட கீது சார். அது ஷிப்ட்டுக்குப் பூட்ச்சு."

கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. செல்போன் செய்கிற கம்பெனிக்குள் செல்போன் போகக் கூடாது. வாசலில் லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் லைனில் நிற்க வேண்டும்.

"நீங்களே கண்ணால பாத்துட்டீங்களே சார். இன்னும் இன்னா வேணும்?"

"என் கையில ஒண்ணும் இல்லம்மா. ஒரு மணி வரைக்கும் இருக்கேன். அதுக்குள்ள வரலேன்னா, மனுதாரர் இல்லைன்னு அதுவே மூடிக்கும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி நல்ல மனுஷன், அவன் பேச்சையும் கேட்க ஆளில்லை. அவர் நம்பரை வாங்கிக்கொண்டு பங்கஜம் ஷேர் ஆட்டோ பிடித்துக் கம்பெனி வாசலுக்கு ஓடினாள்.

"லைன்ல நிக்கிறவங்கள நடுவுல கூப்பிட முடியாது," என்றான் செக்யூரிட்டி. "சாவுன்னாத்தான் விடுவாங்க."

மணி பன்னிரண்டு நாற்பது. பங்கஜம் யோசிக்கவே இல்லை.

"சாவுதான்," என்றாள். "அதோட அம்மா."

தலையில் மாட்டிய வலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சுகப்பிரியா ஓடிவந்தாள். "அம்மைக்கு என்ன அத்த? காலைல பேசுனேனே." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பங்கஜம் உண்மையைச் சொன்னாள். சொல்லும்போதே நாக்கு கூசியது. அந்தப் பெண் அவளைத் திட்டவில்லை. லாக்கரைத் திறந்து, போனை எடுத்து அதிகாரியைக் கூப்பிட்டு, ஓடிபி நம்பரைப் படித்தாள். மணி ஒன்று ஐந்து.

"இப்பதாம்மா மூடிக்கிச்சு," என்றார் அறிவுமதி போனில். "எல்லாம் ஒரே நம்பர், அதனால பதினெட்டும் போயிடுச்சு. இதே விஷயத்துக்கு மறுபடி போட்டா எடுத்துக்காது." வருத்தமாகத்தான் சொன்னார். வருத்தத்தைக் கொண்டு கிணற்றை இறைக்க முடியுமா?

சுகப்பிரியா தன் அம்மாவைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் குரல் கேட்டதும் பேச்சு வராமல் அழுதாள். அப்புறம் பங்கஜத்திடம் சொன்னாள்: "காரியத்துக்கு நாலு நாள் லீவு தந்திருக்காவ. திரும்பி வரும்போது இறப்புச் சர்டிபிகேட் கொண்டாரணுமாம். நான் எங்க போவேன் அத்த?"

அந்தப் பெண்ணின் வேலைக்குத் தானே கொள்ளி வைத்துவிட்டோம் என்று பங்கஜத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போலக் கீரை அறுத்தாள். கருகிய ஓரங்களைக் கிள்ளிப்போட்டாள். கேன் தண்ணீர் வாங்கி அலசிக் கட்டுக் கட்டினாள். பளபளவென்றுதான் இருந்தது. வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த சுகப்பிரியா, சமைக்கக் கீரைக் கட்டு ஒன்றை எடுத்தாள். பங்கஜம் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ துன்னாத கண்ணு. உனக்கு வேணாம்."

அந்தப் பெண் கூடையைப் பார்த்தாள்.

"அப்ப அந்த ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு?"

பங்கஜம் பிடுங்கிய கட்டையும் கூடையிலேயே வைத்தாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.