நாக்பூருக்கு மேலே

டெல்லியிலிருந்து பெங்களூருக்கு வான்வழியாக ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். விமானத்தில் இரண்டே முக்கால் மணி நேரம். என் மனைவி நிருபமா அந்தத் தூரத்துக்குள் இறந்துபோனாள். வயது முப்பத்தொன்று. நுரையீரலில் ரத்தக்கட்டி என்றார்கள். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் காலை, மல்லேஸ்வரத்தில் மாமனார் வீட்டுக் கூடத்தில், மாதாமாதம் திதி கொடுக்க வேண்டிய நாட்களை எழுத வாத்தியார் உட்கார்ந்தார். உயிர் போன நேரத்தில் எந்தத் திதியோ, அதுதான் வருஷா வருஷமும்.

“அன்னிக்கு சாயங்காலம் ஆறு முப்பத்திரெண்டு வரைக்கும் தசமி. அப்புறம் ஏகாதசி. எத்தனை மணிக்குப் போனா?”

மாமனார் சீனிவாசராகவன் சான்றிதழை நீட்டினார். பொதுப்பணித் துறையில் இருந்தவர். காகிதம் இருந்தால் நம்புவார்.

“ஏழு நாப்பது. ஏர்போர்ட் பக்கத்து ஆஸ்பத்திரியில டாக்டர் எழுதினது.”

“டெல்லியிலேர்ந்து ரெண்டே முக்கால் மணி. ஏர்போர்ட்லேர்ந்து மல்லேஸ்வரத்துக்கும் அதே ரெண்டே முக்கால். நம்ம டிராஃபிக் அப்படி” என்றார் வாத்தியார். யாரும் சிரிக்கவில்லை. அவர் ஏகாதசி என்று எழுதினார்.

மாமியார் பாமா நிமிர்ந்தார். “ஏகாதசியா? பெருமாளே, நல்ல நாளாப் பார்த்துத்தான் கூட்டிண்டிருக்கே.” பதின்மூன்று நாளில் அந்த முகம் முதல் தடவையாகத் தளர்ந்தது.

நான் பேசாமல் இருந்தால் போதும். அவருக்கு ஏகாதசி கிடைக்கும். எனக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. நிருபமாவுக்கு மட்டும் ஒவ்வொரு வருஷமும் தப்பான நாளில் எள்ளும் தண்ணீரும் விடுவேன்.

“தசமி” என்றேன்.

“சர்டிஃபிகேட்ல இருக்கே, மாப்பிள்ளை” என்றார் மாமனார்.

“அது டாக்டர் பார்த்த நேரம், மாமா. அஞ்சே முக்காலுக்கு நாக்பூருக்கு மேல இருக்கோம்னு பைலட் சொன்னார். அதுக்கப்புறம் தோள்ல சாஞ்சா. ஆறு மணிக்கு டீ வந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. தூங்கறா, எழுப்பாதீங்கோன்னு அந்தப் பொண்ணுகிட்ட நான்தான் சொன்னேன்.”

“தூங்கித்தான் இருப்பா.”

“கை ஜில்லுன்னு இருந்தது. ஏசின்னு நெனச்சு சால்வையைப் போத்தினேன். இறங்கறச்சே பெல்ட்டும் நான்தான் போட்டேன். எல்லாரும் எழுந்தப்புறம்தான் பார்த்தேன்.”

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

வாத்தியார் பேனாவைப் பிடித்தபடி மாமியாரைப் பார்த்தார். “சர்டிஃபிகேட்படி போட்டாலும் தப்பில்லை மாமி. நீங்க சொல்லுங்கோ.”

மாமியார் என்னைப் பார்த்தார்.

“கடைசியா எதாவது பேசினாளா, ஹர்ஷா?”

“இன்னும் எவ்ளோ நேரம்னு கேட்டா.”

“நீ என்ன சொன்னே?”

“ஒரு மணி இருபது நிமிஷம்னேன். அவ்ளோ நேரமான்னு சாஞ்சுண்டா.”

மாமியார் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

“சின்னதுலேர்ந்தே அவளுக்குக் காத்திண்டிருக்க முடியாது” என்றார். பிறகு வாத்தியாரிடம், “தசமின்னே போடுங்கோ.”

வாத்தியார் ஏகாதசியை அடித்தார். பேனா எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி எழுதினார்.