எடைக்கு வராத தூள்

1898-ஆம் வருடம், மைசூருக்குப் பிளேக் வந்த அதே மாதத்தில், சந்தேபேட்டை ரத்தினசாமி மண்டியில் மாதம்மா இடித்துக் கொடுத்த மூன்று மணு மிளகாய்த்தூளுக்கு எடை இல்லாமல் போயிற்று. காலையில் வற்றலாக நிறுத்துக் கொடுத்தபோது சரியாக மூன்று மணு, ஒரு ஆள் சுமை, இருந்தது. சாயங்காலம் தூளாகத் தராசில் ஏற்றியபோது தட்டு இறங்கவில்லை. எடை போடுகிறவன் எதிர்த்தட்டிலிருந்த படிக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்தான். கடைசிக் கல்லையும் எடுத்த பிறகுதான் முள் நடுவில் நின்றது. தூள் என்னவோ அங்கேதான் இருந்தது, சிவப்பாக, குவியலாக, மண்டியிலிருந்த நாலு பேரையும் தும்ம வைத்துக்கொண்டு.

ரத்தினசாமிக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. இடிக்கும்போது கொஞ்சம் பறக்கும், கொஞ்சம் உலக்கையில் ஒட்டும். அதற்குச் சேதாரம் என்று பெயர். அந்தச் சேதாரத்தை இடிப்பவளின் திருட்டாக எண்ணிக் கூலியில் பிடிப்பது எல்லா மண்டியிலும் வழக்கம். அவர் காம்பு கிள்ளிய எடையையும் சேர்த்தே பிடித்தார். ஹனூரிலிருந்து பிழைக்க வந்த மாதம்மாவின் கைக்கு ஆறு வருடத்தில் ஒருநாள்கூட முழுக்கூலி வந்ததில்லை. தினமும் வீட்டுக்குப் போகும்போது எடைக்காரன் முன்னால் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இன்றைக்குச் சேதாரம் மூன்று மணு, அவ்வளவுதான் வித்தியாசம்.

“அத்தனையும் எங்கடி கொண்டுபோய் வெச்ச, திருடி?” என்றார்.

“உங்க முன்னாலதானுங்க கெடக்குது. கண்ணு தெரியலீங்களா?”

“தராசு ஒண்ணுமில்லேங்குது. நான் தராசை நம்புவேனா, உன்னை நம்புவேனா?”

மாதம்மா குவியலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “செரிங்க. ஒண்ணுமில்லாததை வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க? நானே அள்ளிட்டுப் போறேன்” என்று இரண்டு சாக்கை உதறி விரித்தாள். யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வாய் கட்டியதும் சாக்குகள் மேலே இழுத்தன; அவற்றை உலக்கையோடு சேர்த்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாகச் சுமை அவள் கழுத்தை அழுத்தவில்லை.

ஆனால் ரத்தினசாமி சொன்ன சொல்லுக்கு எடை இருந்தது. மறுநாளைக்குள் அது எல்லா மண்டிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இடிக்க வேலை கொடுப்பார் இல்லை, விலைக்கு வற்றல் கொடுப்பாரும் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். பக்கத்துக் குடிசை சென்னம்மா, அவளும் மண்டியில் இடிப்பவள்தான், “பிடு அக்கா, விட்டுத்தள்ளு, இந்த ஊரில்லேன்னா இன்னொரு ஊர்” என்றாள். மாதம்மா போகவில்லை. சொன்ன வாயே அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்கிறவரைக்கும் மைசூரை விட்டு நகர்வதில்லை என்று உட்கார்ந்துவிட்டாள்.

சாக்கை அவிழ்த்தால் தூள் எழும்பிப் போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டது. மாதம்மாவும் சென்னம்மாவும் துடைப்பத்தால் பெருக்கி இறக்கினார்கள். அதனால்தான் அதைப் பொட்டலம் கட்டினார்கள். வியாபார மூளை என்று பின்னால் சிலர் எழுதியது வெறும் பேச்சு. காகிதத்துக்குச் சென்னம்மாவின் புருஷன் சுவரில் ஒட்ட வாங்கி வைத்திருந்த பிளேக் நோட்டீஸ் கட்டு உதவியது. எலி செத்தால் உடனே தெரிவிக்கவும் என்று கன்னடத்தில் அச்சடித்த தாளுக்குள் மைசூரின் முதல் மிளகாய்த்தூள் பாக்கெட்டுகள் உருவாயின.

அந்த நேரத்தில் சர்க்கார், பிளேக் கிருமி சாகட்டுமென்று, அக்ரஹாரத்து வீடுகளின் ஓட்டைப் பிரித்து வெயில் இறக்கிக்கொண்டிருந்தது. குடும்பங்கள் ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைகளில் கிடந்தன. அடுப்பு இருந்தது, அரிசி இருந்தது. உரலைத் தூக்கிவர யாராலும் முடியவில்லை. மாதம்மா பொட்டலக் கூடையோடு அங்கே போனாள். முதலில் கூப்பிட்டது வக்கீல் வீட்டுக் கமலம்மாள்.

“உப்பு சேர்த்திருக்கியா?”

“இல்லீங்க.”

“தண்ணி பட்டுதா?”

“வறுத்து இடிச்சதுங்க. ஒரு சொட்டுப் படல.”

“அப்போ தோஷமில்லே. அங்கே கீழே வெச்சுட்டுத் தள்ளி நில்லு, எடுத்துக்கறேன்.”

மாதம்மா கீழே வைத்தாள். பொட்டலம் முழங்கால் உயரம் வந்தது, இடுப்பு உயரம் வந்தது, தகரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பறித்து மறுபடி வைத்தாள். மறுபடியும் போயிற்று. அடுப்பில் புளித்தண்ணீர் கொதித்துப் பொங்கியது.

“இது ஏன்டி கீழே நிக்க மாட்டேங்கறது?”

“எனக்கென்னங்க தெரியும்? கையில வாங்குனா நிக்கும்.”

கமலம்மாள் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். இருவர் விரலும் பட்டன; வானம் இடிந்து விழவில்லை. அன்றைக்கு ரசம் கொட்டகை முழுவதும் மணத்தது. ரசத்துக்கு முன்னால் அந்த அம்மாள் குளித்தாள் என்பது உண்மைதான். அடுத்தடுத்த வாரமும் குளித்தாள். நான்காம் வாரம் குளிக்கவில்லை. ஒரே நாளில் இரண்டு குளியலுக்கு முகாமில் தண்ணீர் கிடையாது. ஐந்தாம் வாரம் மாதம்மா வருவதற்கு முன்பே வாசலில் பதினெட்டுக் கைகள் நீண்டிருந்தன.

ரத்தினசாமி மார்க்கெட் அதிகாரியிடம் மனுக் கொடுத்தார். தன் சரக்கைத் திருடி விற்கிறாள் என்று. அதிகாரி இருந்த பொட்டலம் அத்தனையையும் நிறுக்கச் சொன்னார். தட்டோடு சேர்த்துக் கட்டியும் தட்டு இறங்கவில்லை. திருட்டுப் போனது எவ்வளவு என்று கேட்டார். மூன்று மணு தூள் என்றார் ரத்தினசாமி. அவருடைய கணக்கையே வாங்கிப் பார்த்தால், அன்றைய தேதியில் தூள் வரவு இல்லை என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது. மனு தள்ளுபடி ஆயிற்று. ஆனால் எடை இல்லாத பொருளை மார்க்கெட்டில் விற்கச் சட்டத்தில் இடமில்லையே என்று அதிகாரி தயங்கினார்.

“தேங்காயை நிறுத்தா விக்கறாங்க, சாமி?” என்றாள் மாதம்மா.

அதிகாரி ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டு முடிக்கும்வரை யோசித்தார். எண்ணி விற்கலாம் என்று கையெழுத்துப் போட்டார். வெளியே படியில் ரத்தினசாமி மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். “பொருள் இல்லேன்னுதான் தீர்ப்பு. நீ திருடி இல்லேன்னு அதுல எங்கயும் இல்ல” என்றார். அது சரியாகவும் இருந்தது. மாதம்மா கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு வருடங்கள் வேகமாகப் போயின. கொள்ளேகாலிலிருந்து மாதம்மாவின் அண்ணன் சித்தையன் வண்டி வண்டியாக வற்றல் கொண்டுவந்து போட்டார். சேதாரம் என்று கூலி பிடிக்கப்பட்ட கை இடித்தால் மட்டுமே தூள் எடை இழக்கும் என்று தெரியவந்தது. அப்படிப்பட்ட கைகளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மைசூரில் அவை தாராளமாகக் கிடைத்தன. சென்னம்மா முதலில் வந்தாள், பிறகு நாற்பது பேர். முழுக்கூலி கொடுத்தால் தூளுக்கு எடை திரும்பிவிடும் என்று சில மண்டிக்காரர்கள் ஆவலோடு காத்திருந்தார்கள். திரும்பவில்லை. கூலியில் பிடித்ததைக் கை அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை.

புது அரண்மனைக்குக் கல் தூக்கியவர்கள் மதியச் சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டார்கள். 1903-இல் பிளேக் நோட்டீஸ் போய், மாதம்மா தூள் என்று பெயர் அச்சடித்த சிவப்புத் தாள் வந்தது. அடுத்த வருடம் நஞ்சன்கூட்டுக்கும் பெங்களூருக்கும் ரயிலில் சரக்குப் போனது. ரயிலில் கட்டணம் எடைக்குத்தான். சரக்கு குமாஸ்தா வால்டர் முதல்நாள் வண்டியைக் காலியாக ஒருதரமும் ஏற்றிய பிறகு ஒருதரமும் நிறுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “ஏத்தினப்புறம் வண்டி எடை கொறஞ்சிருக்கும்மா. நியாயமாப் பார்த்தா கம்பெனிதான் உனக்குக் காசு குடுக்கணும்” என்றார். கம்பெனி கொடுக்கவில்லை. வாங்கவும் இல்லை.

1909-இல் ரத்தினசாமி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பெங்களூர். சம்பந்தியம்மாள் நகையில் விட்டுக்கொடுத்தாள், பந்தியில் விட்டுக்கொடுக்கவில்லை. குழம்புக்கு மாதம்மா தூள்தான் என்றாள். முந்நூறு பாக்கெட்டுக்கு ரத்தினசாமி கணக்கப்பிள்ளையை அனுப்பினார். கணக்கப்பிள்ளை வெறுங்கையோடு திரும்பினார். மறுபடி அனுப்பினார், மறுபடியும் அதே. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது நஞ்சன்கூடு சாலையில் இருந்த மாதம்மாவின் இடிகொட்டகைக்கு அவரே வந்தார். நாற்பது உலக்கையும் ஒன்றாக நின்றன.

மாதம்மா கயிற்றில் கோத்த பாக்கெட்டுகளைத் தூணிலிருந்து அவிழ்த்தாள். சரம் கொத்தாக மேலே இழுத்துக்கொண்டு நின்றது.

“எண்ணிக்குங்க.”

“இருக்கு. சரியா இருக்கு.”

“என்ன இருக்கு?”

அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “தூள்.”

“ஒண்ணுமில்லேன்னீங்களே?”

கொட்டகையில் யாரோ தும்மினார்கள். ரத்தினசாமி தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: “அன்னிக்கும் இருந்துச்சு, மாதம்மா. என் கண்ணாலதான் பார்த்தேன். நீ திருடல. தப்பு என்னுது.”

“சத்தமாச் சொல்லுங்க. ஒலக்கைச் சத்தத்துல இவியளுக்குக் கேக்கல.”

ஒரு உலக்கையும் இடிக்கவில்லை. அவர் சத்தமாகச் சொன்னார்.

மாதம்மா கயிற்றின் நுனியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். முந்நூறு பாக்கெட்டுகளைத் தலைக்கு மேலே பிடித்தபடி அவர் சந்தேபேட்டை வழியாக நடந்து போனதை ஊரே பார்த்தது. கல்யாணச் சாப்பாடு நன்றாக இருந்தது என்றார்கள்.

பிறகு எத்தனையோ தூள் கம்பெனிகள் வந்தன. அவர்களுடைய தூளுக்கெல்லாம் எடை உண்டு. மைசூர்க் கடைக்காரர்கள் அவற்றைத் தராசில் வைக்கிறார்கள். மாதம்மா தூளைக் கையில் கொடுக்கிறார்கள்.