கொஹாரு வாசிக்க மறுத்த கேள்விகள்

என் மகள் லுவானாவுக்குக் கணக்கு தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அதே கணக்கை ஜப்பானிய எழுத்தில் கேட்டால் விழிப்பாள். பிரேசிலிலிருந்து ஜப்பானின் ஹமமாட்சு நகருக்கு வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. மூன்றே வருடத்தில் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. நான் கார் ஒயர் கட்டும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். பேச்சு வரும், எழுத்து எனக்கும் எட்டாது.

அவளோடு படித்த கொஹாருவுக்குக் கணக்கு வராது. பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுக்கு வருவாள். அவள் கேள்வியை வாசித்துச் சொல்வாள். லுவானா போட்டு விளக்குவாள்.

டிசம்பரில் ஒரு நாள் கொஹாரு வினாத்தாளை லுவானா பக்கம் தள்ளினாள். "இனிமே நான் வாசிக்க மாட்டேன்."

"ஏன்டி, அலுத்துப்போச்சா?"

"பரீட்சை ஹால்ல வந்து நான் வாசிப்பேனா? நீயே வாசி. தப்பா இருந்தாலும் பரவாயில்ல."

"உனக்கென்ன, பொறந்ததுலேந்து பேசற மொழி. என் கஷ்டம் உனக்கு எங்க தெரியும்?"

"தெரியாதுதான். கணக்கு வராதவ கஷ்டம் உனக்குத் தெரியுமா? 'இதுகூடவா புரியல'ன்னு எத்தன தடவ கேட்டிருக்க?"

லுவானா எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். கொஹாரு என்னைப் பார்த்தாள். "லுவானா அம்மா, நான் போகட்டுமா, இருக்கட்டுமா?"

"இரும்மா," என்றேன்.

அவள் தனியாக ஒரு கணக்கைப் போட ஆரம்பித்தாள். போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். சற்று நேரத்தில் கதவு திறந்தது. லுவானா அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"மைனஸ் போட மறந்துட்ட."

பிறகு உட்கார்ந்து, வினாத்தாளை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்தாள். பாதியில் கொஹாரு சிரித்துவிட்டாள். "தொட்டியில ஐஸா ஊத்தறாங்க? அது தண்ணிடி. அந்த எழுத்துல ஒரு புள்ளி கூட இருந்தாதான் ஐஸ்." லுவானாவுக்கும் சிரிப்பு வந்தது. அன்று முதல் அவளேதான் வாசித்தாள்.

இருவரும் ஒரே பள்ளிக்குத்தான் தேர்வு எழுதினார்கள். மார்ச்சில் முடிவு பார்க்க நானும் போனேன். பலகையில் கொஹாரு முதலில் தேடியது லுவானாவின் எண்ணைத்தான்.

"இருக்குடி, அதோ."

கொஹாருவின் எண் இல்லை. லுவானா மேலும் கீழும் தேடிவிட்டு அழுதாள்.

"நீ ஏன்டி அழற?" என்றாள் கொஹாரு. அவள் குரலும் சரியாக இல்லை. "எனக்குத் தனியார் பள்ளியில இடம் இருக்கு. இங்கிலீஷ்லதான் கோட்டை விட்டேன். கணக்கு நல்லாத்தான் எழுதினேன். உன் பேர நான் கெடுக்கல."

நன்றி சொல்லக் குனிந்தேன். இந்த ஊர் வழக்கம் அதுதான். ஆனால் அது போதாது என்று தோன்றியது. அத்தனை பேர் நடுவில் அந்தப் பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவள் முதலில் மரம்போல நின்றாள். பிறகு மெல்ல என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"லுவானா அம்மா," என்றாள், "மூச்சு முட்டுது."

நான் விடவில்லை.