எதிர்க்கோடி கோல்

"அடுத்த மாசம் கல்யாணம்ணே. பொறவு ஹாக்கி மட்டையத் தூக்கிப் பரண்ல போட்டுருவாவ. இன்னைக்கு ஒரு கோலாவது போட்டோவுல இருக்கட்டும்," என்று காலையில் உமாராணி கேட்டிருந்தாள்.

அவளுக்காகத்தான் போட்டோகிராபர் தௌபீக், எதிர்க்கோடி கோல்வரை எட்டட்டுமென்று கேமராவுக்கும் லென்சுக்கும் நடுவே கன்வெர்ட்டரை மாட்டி வந்திருந்தான். தூரத்தைக் கிட்டே இழுக்கிற அந்தச் சனியன் வெளிச்சத்தில் முக்கால்வாசியைத் தின்றுவிடும். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கோவில்பட்டிக்கு மேல் மேகம் கவிந்தது. ஃபோகஸ் முன்னும் பின்னும் தவித்ததே ஒழிய எந்த முகத்திலும் நிற்கவில்லை. கன்வெர்ட்டரைக் கழற்றினால்தான் படம் விழும். கழற்றினாலோ காற்றில் பறக்கும் கரிசல் புழுதி கேமராவுக்குள் போய்விடும்.

"போனாப் போகுது," என்று காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து லென்சைக் கன்வெர்ட்டரோடு சேர்த்துக் கேமராவிலிருந்து திருகி எடுத்தான். கன்வெர்ட்டரோ லென்சை விடுவதாயில்லை. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே மைதானம் இரைந்தது.

நிமிர்ந்தான். கோல் விழுந்திருந்தது. போட்டவள் உமாராணி. எதிர்க்கோடியில் மட்டையை உயர்த்தி, அவன் பக்கம் திரும்பிச் சிரித்தபடி அசையாமல் நின்றாள்.

லென்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெறும் கேமராவைக் கண்ணில் வைத்து, தௌபீக் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தான்.