தோட்டப் பராமரிப்புக் கட்டணம்

கிளெண்டா ஹார்ட்ஷார்ன் காசு கொடுத்து வாங்கிய வீடு அவளுடையதுதான். அது இருக்கும் கட்டடமும் மண்ணும் வேறொருவருடையவை. இங்கிலாந்தில் குத்தகை வீடு என்றால் அப்படித்தான். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனம் இருந்தது. பார்த்துக்கொண்டேதான் இருந்தது, கை வைத்ததில்லை.

நிறுவனம் அனுப்பிய அந்த வருடப் பில்லில் ‘தோட்டப் பராமரிப்பு’ என்று புதிதாக ஒரு வரி. சால்ஃபோர்டின் அந்த நாலு மாடிக் கட்டடத்துக்குத் தோட்டம் என்று இருந்தது, வாசல் கூடத்தில் தொட்டியில் நின்ற ஒரே ஒரு ரப்பர் செடி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கிளெண்டாவின் பென்ஷன் இதற்குமேல் தாங்காது. வீட்டை விற்கலாமென்றால், இந்தப் பில்லைப் பார்த்த பிறகு வாங்க யார் வருவார்கள்?

சட்டத்தில் ஒரு வழி உண்டு. பாதி வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டால் நிறுவனத்தை அனுப்பிவிட்டுக் கட்டடத்தைத் தாங்களே நடத்தலாம். இருபது வீட்டுக்குப் பத்துக் கையெழுத்து. ஆனால் அங்கே யாரும் யார் கதவையும் தட்டியதில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் மழையைப் பற்றி ஒரு வார்த்தை, அதோடு சரி. கூடத்தில் அவள் ஒட்டிய தாளில் ஒரே கையெழுத்துதான் விழுந்தது, அதுவும் அவளுடையது.

அந்த வாரம் செடி செத்தது. கிளெண்டா மண்ணைக் கிளறினாள். வேர் அழுகியிருந்தது, தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. எதிர்வீட்டு டெஸ்மண்ட் பூனைநடையில் இறங்கி வந்து, அவளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“முதுகுக்குப் பின்னாடி என்னப்பா?”

“ஜக்குதான். கம்பெனிக்காரன் எட்டிப் பாக்கறதில்ல, செடி பாவமேன்னு... யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“நானும்தான் திருட்டுத்தனமா ஊத்துறேன்.”

“அப்ப நாம ரெண்டு பேரும் சேந்து கொன்னுட்டோமா?”

“ரெண்டு பேர் ஊத்தி இவ்வளவு தண்ணி நிக்காது, டெஸ்மண்ட்.”

கிளெண்டா மேலே வரிசையாகச் சாத்திக் கிடந்த கதவுகளைப் பார்த்தாள். அந்த ஊரில் உதவி கேட்டுக் கதவைத் தட்டுவது அநாகரிகம். மன்னிப்புக் கேட்க எந்தக் கதவையும் தட்டலாம். செத்த செடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

“மன்னிச்சுக்குங்க, செடியக் கொன்னுட்டேன்.”

“ஐயோ, நீங்க எங்க கொன்னீங்க? நான்தான் தெனமும் ஊத்தினேன்.”

அடுத்த கதவு இன்னும் உருக்கமாகப் பழியை ஏற்றது. மூன்றாம் மாடியில் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஊற்றியிருந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒவ்வொருவர் கையிலும் கிளெண்டா கூடத்துத் தாளையும் பேனாவையும் திணித்தாள். பழக்கதோஷத்தில் மறுக்க வாய் வராமல் கையெழுத்திட்டவர்களும் உண்டு. அவள் கீழே இறங்கும்போது பதின்மூன்று வீடுகள் அவள் பக்கம்.

நிறுவனத்திலிருந்து ஜூலியன் ஃபென்விக் வந்தார். ‘குடியிருப்பு அனுபவ இயக்குநர்’ என்பது அவர் பதவி. மாற்றுச் செடிக்கான கட்டணத்தை அறிவித்துவிட்டுக் குரலைக் கனிவாக்கிக்கொண்டார்.

“கட்டடத்த நடத்த நிபுணத்துவம் வேணும், மேடம். ஒரு செடியக்கூட உங்களால காப்பாத்த முடியல.”

“வாஸ்தவம்தான். நாங்க அத்தனை பேரும் பாத்துக்கிட்டோம், செத்துப்போச்சு. நீங்க ஒருத்தர் மட்டும்தான் அது மேல கை வைக்கல. அதுக்குத்தான் இவ்வளவு காசு குடுத்தோம்போல” என்று நிறுவனத்தை அனுப்பும் நோட்டீஸை நீட்டினாள் கிளெண்டா.

படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். ஜூலியன் நிமிர்ந்து பார்த்தார். மாடிக்கு மாடி கைப்பிடிச் சுவரில் முகங்கள். ஒரே நேரத்தில் அத்தனை கதவுகளும் திறந்திருந்ததைக் கிளெண்டாவும் அன்றுதான் பார்த்தாள்.