கொழுத்த நண்டும் முழுநிலவும்

குருக்கள்மடத்து நிருஷா சிறுவர் புத்தகமொன்றுக்குக் கதையும் எழுதி, படமும் வரைந்துகொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்ட கொழுத்த நண்டொன்று முழுநிலவில் வாவிக்கரையில் நின்று ஆடுகிறது. அந்தப் படத்துக்கே மூன்று நாள் போய்விட்டது.

வாவியில் நண்டு வலை போடும் அவள் கணவன் சுதாகரன் அதைப் பார்த்து முகம் சுளித்தான்.

“இது பிழை. நிலவு காலத்து நண்டுக்குச் சதை இரிக்காது.”

“கண்ணாடி போட்டிரிக்கிறது பிழையில்லையா?”

“அதுக்குக் கண் தெரியாதாக்கும் எண்டு நினைச்சன்.”

நிருஷா பல்லைக் கடித்துக்கொண்டு நிலவை அழித்துப் பிறையாக்கினாள். சுதாகரன் நண்டை மேலும் கீழும் பார்த்தான்.

“இப்ப சரி. நல்ல கறி நண்டு.”

அவன் வலையைத் தூக்கிக்கொண்டு போனதும், அவள் நண்டை எலும்பும் தோலுமாக்கி, நிலவை மறுபடி முழுதாக வரைந்தாள். நண்டுக்கு எலும்பு இல்லையென்று அவன் வந்து சொல்லட்டும்.