குட்டி போட்ட நீலம்

சாயப்பட்டறையின் கழிவுநீர் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருஷமாக ஒரு பொடியைக் கட்டிக்கொண்டு அழுதாள் அண்ணி. கூட வேலை பார்த்த நாத்தனார் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, காவலாளி முதல் முதலாளி வரைக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

பொடி வேறொன்றுமில்லை, வெள்ளைப் பெயின்டில் கலக்கிற டைட்டானியம் டை ஆக்சைடு. புற ஊதாக் கதிர் பட்டால்தான் சாயத்தை உடைக்கும். நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை மதிக்கவே மதிக்காது. அண்ணி அதை யூரியாவோடு சேர்த்து உலையில் வறுத்து இளமஞ்சளாக்கி, சாதாரண விளக்கொளிக்கே வேலை செய்யும்படி வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். நீலத் தண்ணீர் முதல்முறை பளிங்காய்த் தெளிந்த அன்று அவள் குதித்த குதியில் கீழ்த்தளத்துச் சாயத்தொட்டிகள் மூன்று நாள் அலையடித்ததாகக் கேள்வி.

சோதனைக்கு இரண்டு புட்டி. இரண்டிலும் ஒரே அளவு சாயம், ஒரே அளவு பொடி. ஒன்று விளக்கடியில், மற்றது அலுமினியத் தாள் சுற்றி அலமாரிக்குள். நாலு மணி நேரத்தில் விளக்குப் புட்டி வெளுக்க வேண்டும், இருட்டுப் புட்டி நீலமாகவே இருக்க வேண்டும். அதுவும் வெளுத்தால் வெளிச்சம் ஒன்றும் கிழிக்கவில்லை, பொடி பஞ்சுபோலச் சாயத்தைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். வயிறு நிரம்பினால் குடிப்பதும் நின்றுவிடும்.

புட்டிகளைத் திறந்து, வடிகட்டி, கழுவி வைப்பது நாத்தனார். தெளிந்த நீரை மெஷினில் வைத்து நிறத்தை அளப்பது அண்ணி. பதினோரு சோதனை, பதினொன்றும் வெற்றி. அன்று பன்னிரண்டாவது. மூன்று மணிக்கு முதலாளி வந்து கையெழுத்துப் போட்டால் பெரிய தொட்டியில் பொடி இறங்கும், அங்கிருந்து தண்ணீர் நேரே ஆற்றுக்குப் போகும். போடாவிட்டால் ஆய்வுக்கூடம் நூல் கிடங்காகும்.

காலையில் ஊற்றிய சாயம் மெஷினில் ஒன்று காட்டியது. மதியம் விளக்குப் புட்டி பூஜ்யத்தை ஒட்டி நின்றது. இருட்டுப் புட்டி ஒன்றேகால்.

"என்னடி இது, இருட்டுல சாயம் குட்டி போட்டிருக்கு?" என்று சிரித்தாள் அண்ணி.

ஈ பறந்தாலே விழுந்து விழுந்து சிரிக்கிற நாத்தனார் சிரிக்கவில்லை. அண்ணி இருட்டுப் புட்டியை எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். வடிகட்டிய பிறகும் அடியில் கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டிய பொடி ஒரு துளிகூட இல்லை. குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். இரண்டு வடிதாள்கள். இரண்டிலும் பொடி மயில் கழுத்தாக நீலம் பூத்துக் கிடந்தது. வெளிச்சம் சாயத்தை உடைத்திருந்தால் ஒன்றாவது இளமஞ்சளாக இருந்திருக்கும்.

"எத்தனை தடவை?"

"முதல் தடவையிலேருந்தே, அண்ணி."

முதல் சோதனையன்றே அலமாரியைத் திறந்தபோது இருட்டுப் புட்டியும் வெளுத்துத்தான் இருந்ததாம். அண்ணி குதித்துக்கொண்டிருந்தாளாம். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அடுத்த தடவை சரியாகிவிடும் என்று புதுச் சாயத்தை ஊற்றி வைத்தாளாம். அடுத்த தடவையும் அப்படியே. இன்றைக்கு அவசரத்தில் சாயத்தில் கலந்த தண்ணீர் குறைந்துவிட்டதாம்.

"நீங்க அழுதா எனக்குத் தாங்காது அண்ணி."

"அழுதா கண்ணைத் தொடச்சு விடணும். சாயத்தை ஏண்டி ஊத்துன?"

கல்யாணமான புதிதில் புருஷன் மறைத்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் போட்டுக்கொடுத்த உளவாளி இவள். சொந்த அண்ணனையே காட்டிக்கொடுத்தவள் தன்னிடம் ஒன்றை மறைப்பாள் என்று அண்ணி கனவிலும் நினைத்ததில்லை. பதினோரு வெற்றியையும் இவள் தோளில் சாய்ந்துதான் கொண்டாடியிருந்தாள். பொடி ஏமாற்றியதை ஜீரணித்துவிடலாம். அதற்கு அண்ணி யாரென்றே தெரியாது.

விஷயம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் கையெழுத்து விழும். அண்ணி தன் கையாலேயே சாயமும் பொடியும் போட்டு இன்னொரு இருட்டுப் புட்டியை நிரப்பி, அலமாரியைப் பூட்டி, சாவியை உள்ளங்கையில் பதியும்வரை இறுக்கிக்கொண்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்கு முதலாளி வந்து, அலமாரியிலிருந்து எடுத்த புட்டி வெளுத்திருப்பதைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இருட்டுலயும் வேலை செய்யுதா? அப்ப வெளக்கே வேணாமே!"

அண்ணி தெளிந்த நீரை வடித்துவிட்டு, அதே பொடியின்மேல் புதுச் சாயத்தை ஊற்றிக் குலுக்கினாள். அரை மணியில் பாதிதான் வெளுத்தது. மறுபடி ஊற்றினாள். நீலம் அசையவே இல்லை.

"இதைத்தான் சார் ஆத்துல விடப்போறோம். ஒடைக்கல, குடிக்குது. நான் சொன்ன பதினொண்ணும் தப்பு."

யார் ஊற்றியது என்று அவர் கேட்கவில்லை, அண்ணியும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நூல் மூட்டை வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நாத்தனார் டீ கொண்டுவந்தாள். பதினைந்து வருஷமாக அவள் கொடுத்ததைப் பார்க்காமலே வாங்கிக் குடித்தவள், அன்றைக்குக் கண்ணாடி டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியைப் பார்த்தாள்.

"வெறும் டீதான், அண்ணி."

"தெரியும்" என்றாள் அண்ணி. டம்ளரை மட்டும் இறக்கவில்லை.